மீதி மூன்று ரூபாய்

ஆறே முக்காலுக்கு ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும்
ஆம்பூர் பைபாஸ் திருப்பத்தில்.
நீலக் கோட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியபடி
பெண்கள் இறங்குவார்கள்.
பசை வாடை முதலில் கடைக்குள் வரும்,
பிறகு அவர்கள்.

கூட்டம் கலையட்டும் என்று
இருமல் மருந்து அட்டையைப் படிப்பதுபோல் நிற்பவள்
எதற்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.
இடத்தைச் சொல்லமாட்டாள்.
நானும் கேட்டதில்லை.
"அரிக்குது" என்பாள், குரலை இறக்கி,
கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு.
கீழ்த்தட்டுக்குக் கை தானாகப் போகும்.
நாற்பத்தேழு ரூபாய்.
ஐம்பதுக்கு மீதி மூன்று இல்லை;
மூன்று இருமல் மிட்டாய்.

பவுனக்கா முதலில் வந்தது போன சித்திரையில்.
மூன்றாம் நாள் திரும்பி வந்து
"கை வெச்ச மாதிரி நின்னுடுச்சி தம்பி,
நீ டாக்டருக்கே படிச்சிருக்கலாம்" என்றாள்.
நான் பி.காம்., ரெண்டு அரியர்.
அன்று ராத்திரி ஷட்டரை இறக்கும்போது
அதை ஒருமுறை எனக்கே சொல்லிப் பார்த்தேன்.

அந்த டியூப்பில் மூன்று மருந்து.
ஒன்று பூஞ்சையை அடிப்பது.
ஒன்று எதற்கென்று தயாரித்தவனுக்கே வெளிச்சம்.
மூன்றாவது தோலைத் தட்டித் தூங்கவைப்பது.
அரிப்பு அடங்கும், சிவப்பு அடங்கும்,
அடியில் அது பாட்டுக்குப் பாய் விரிக்கும்.
இதெல்லாம் அப்போது தெரியாது என்று
எழுத ஆசை.
அரைகுறையாகத் தெரியும்.

படர்தாமரை என்று பேர் வைத்தவன்
பூவைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்திருக்கிறான்.
பாலாறு மணலாய்க் கிடக்கிற ஊரில்
இதற்கு மட்டும் தண்ணீர்ப் பஞ்சமில்லை:
அக்னி நட்சத்திரத்தில் நைலான் உடுப்பு,
எட்டு மணி நேரம் எழுந்திருக்காத ஸ்டூல்,
வீட்டுக்கு ஒரே துண்டு.
ஆடியில் அவள் புருஷனுக்கு.
ஐப்பசியில், ஒண்ணாவது படிக்கிற மகளுக்கு, கன்னத்தில்.
மாதம் ஒன்று என்றது நாலாயிற்று.
பற்பசைபோல் அடியிலிருந்து சுருட்டிய காலி டியூப்பை
அடையாளத்துக்குக் கொண்டுவருவாள்;
பேரில் ஓரெழுத்து மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

தை கடைசியில் ஒரு நாள் சம்பளத்தை விட்டு
வேலூர் போனாள், பெரிய ஆஸ்பத்திரிக்கு.
செதிலைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்தார்களாம்.
மூன்று வாரம் வளர்த்தார்களாம்.
"என்னோடதப் போயி வளத்துக்கினு இருந்தாங்க தம்பி"
என்று சிரித்தாள்.
வளர்ந்திருக்கிறது.
மருந்தைக் கலந்து வைத்தும் வளர்ந்திருக்கிறது.

"இத்தினி நாளா யாரு குடுத்தாங்கன்னு அந்தம்மா கேட்டாங்க.
மெடிக்கல்காரத் தம்பின்னேன்.
ரொம்ப நல்ல பையன்னும் சொன்னேன்."

சீட்டில் எட்டு வாரத்துக்குக் காப்ஸ்யூல்.
வீட்டில் மூன்று பேருக்கும்.
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினேன்.
உதட்டுக்குள் ஏதோ கூட்டினாள்,
குழு லோன் என்று கேட்டது, ஸ்கூல் வேன் என்று கேட்டது.
சீட்டை நாலாய் மடித்துப் பர்சுக்குள் வைத்து
"இப்போதைக்கு அந்த டியூப்பே குடு" என்றாள்.

கை கீழே போய்விட்டது.
அட்டையின் வழவழப்பு விரலில் பட்டது.
"இல்லக்கா."
"தீந்துடுச்சா?"
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
"கீது. குடுக்கல."

"இன்னா ஆச்சி உனக்கு?" என்றாள்,
கோபமாக இல்லை,
எனக்குத்தான் ஏதோ நோய் என்பதுபோல.
முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.
அவள் ரோட்டைக் கடந்தாள்.

எதிர்க்கடையில் எங்களைவிட இரண்டு லைட் அதிகம்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை
கீழே போய் மேலே வந்தது.
என்னைவிட வேகம்.

ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது
கன்னத்தில் எதையோ ஒதுக்கியிருந்தாள்.
அங்கேயும் சில்லறை இல்லை போலிருக்கிறது.